நல்ல கண்ணை மூடச் சொல்லிவிட்டார்களா? பேட்ச் போடும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

சோம்பேறிக் கண் இருக்கும் குழந்தைக்கு நல்ல கண்ணை மூடும் பேட்ச் போடத் தொடங்க நல்ல நாள் எது என்று தங்கச்சிமடத்துப் பெண்கள் கேட்டால், ஏப்ரல் 15 என்று சொல்வேன். அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடத்துக்கும் மே மாதம் லீவு. பேட்ச்சைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடும் நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கும். இது பாதி விளையாட்டுக்குச் சொல்வதுதான். டாக்டர் ஆகஸ்டில் சொன்னால் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். அடுத்த ஏப்ரல் வரைக்கும் பிள்ளையின் மூளை காத்திருக்காது.

நான் கண் டாக்டர் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு கண் பரிசோதனை மையத்தில் பவர் பார்ப்பது என் வேலை. மண்டபம், பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று முகாம்களுக்கும் போவேன். எந்தக் கண்ணை எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை முடிவு செய்வது டாக்டர். அது வீட்டில் ஒழுங்காக நடக்கிறதா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பங்குக்குத்தான் இந்தக் குறிப்புகள். நடுவில் கொஞ்சம் மூளை ரசாயனமும் வரும். தாண்டிப் போய்விடாதீர்கள். ஏன் செய்கிறோம் என்று தெரியாத வீடுகளில் பேட்ச் மூன்றாவது வாரமே பெட்டிக்குள் போய்விடுகிறது.

கெட்டது கண் இல்லை

எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கண்ணாடி போட்டாச்சு, அப்புறம் எதுக்குக்கா நல்ல கண்ணை மூடணும்?"

சோம்பேறிக் கண் என்று நாம் சொல்லும் கோளாறில், பெரும்பாலும் கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு கண் மாறுகண்ணாக இருந்திருக்கும், அல்லது ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் மிக அதிகமாக இருந்திருக்கும், அல்லது புரையோ தொங்கும் இமையோ பார்வையை மறைத்திருக்கும். அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குத் தெளிவான படம் போகவில்லை. மூளை இன்னொரு கண்ணையே நம்பிப் பழகிவிட்டது. இப்போது சரியான கண்ணாடி போட்டுத் தெளிவான படத்தை அனுப்பினாலும், அதை வாங்கிப் படிக்கும் இணைப்புகள் மூளையில் போதிய அளவு இல்லை.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர். பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில மாதம் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்களில் மிகச் சிலவே அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லின. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது எந்தப் பாதிப்பும் இல்லை. 1963-ல் வெளிவந்த இந்த முடிவுகளும் தொடர்ந்து செய்த வேலைகளும் 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தன. பிள்ளைப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும் ஒரு காலம் உண்டு என்பது அப்போது உறுதியானது. அந்தக் காலத்தை எது திறக்கிறது, எது மூடுகிறது என்று தேடிப் போனவர்களுக்குக் கிடைத்ததுதான் ரசாயனக் கதை.

உள்ளே என்ன நடக்கிறது

பிடரிக்குச் சற்று மேலே, மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறது பார்வைப் புறணி. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் இணைப்புகள் அங்கே ஒரே செல்களுக்காகப் போட்டி போடுகின்றன. செய்தியைக் கொண்டுபோவது குளூட்டமேட் என்ற ரசாயனம். அதை வாங்கும் வாசல்களில் ஒன்றின் பெயர் என்எம்டிஏ ஏற்பி. இந்த வாசலுக்கு ஒரு குணம் உண்டு: குளூட்டமேட் மட்டும் வந்தால் போதாது, அந்த நேரத்தில் செல்லும் ஏற்கனவே தூண்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் கூடி வந்தால்தான் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். அந்தக் கால்சியம்தான் "இந்த இணைப்பைப் பலப்படுத்து" என்ற கட்டளை. தெளிவாகப் பார்க்கும் கண்ணின் செய்திகள் ஒன்றுசேர்ந்து வருவதால் வாசல் திறக்கிறது. மங்கலான கண்ணின் செய்திகள் பலவீனமாகவும் முன்பின்னாகவும் வருவதால் அந்த இணைப்பு தேய்கிறது.

சின்னக் குழந்தையின் என்எம்டிஏ ஏற்பிகளில் 2பி என்ற பாகம் அதிகம். அது வாசலைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதனால்தான் குழந்தை மூளை எதையும் சட்டென்று கற்றுக்கொள்கிறது. வளர வளர 2ஏ என்ற பாகம் அதன் இடத்துக்கு வருகிறது. வாசல் சீக்கிரம் மூடுகிறது. இந்த மாற்றம் வயதால் மட்டும் வருவதில்லை, பார்ப்பதாலும் வருகிறது. இருட்டில் வளர்த்த விலங்குகளில் இது தள்ளிப்போகிறது.

இரண்டாவது ஆள் காபா. மூளையை அடக்கும் ரசாயனம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் மிக இளம் மூளையில் காபா அடக்குவதில்லை, தூண்டுகிறது! அந்தச் செல்களுக்குள் குளோரைடு அதிகமாக இருப்பதுதான் காரணம். குளோரைடை வெளியே தள்ளும் கேசிசி2 என்ற பம்பு பிறப்பை ஒட்டிய காலத்தில் படிப்படியாக வேலைக்கு வந்த பிறகே காபா அடக்கத் தொடங்குகிறது. அடக்கும் செல்கள் முதிர்ந்த பிறகுதான் கண்களின் போட்டியே ஆரம்பம். 1998-ல் தகாவோ ஹென்ஷ் குழுவினர், காபாவைத் தயாரிக்கும் ஒரு நொதி இல்லாத எலிகளில் இந்தக் கற்கும் காலம் திறக்கவே இல்லை என்று காட்டினார்கள். காபாவின் வேலையைக் கூட்டும் டயஸிபாம் மருந்தைக் கொடுத்ததும் திறந்தது.

அடக்கும் ரசாயனம் எப்படிக் கற்றலைத் திறக்கும் என்று தோன்றும். விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் எந்த விலை கேட்டார் என்று ஏலக்காரருக்கே தெரியாது. மற்ற சத்தம் அடங்கினால்தான் ஒரு குரல் தனியாகக் கேட்கும். காபா அந்தச் சத்தத்தை அடக்குகிறது.

காலத்தை மூடுவது வேறு கூட்டம். அடக்கும் செல்களைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு வலை உறை இறுகுகிறது. 2002-ல் இத்தாலியில் வளர்ந்த எலிகளின் மூளையில் அந்த உறையை ஒரு நொதியால் கரைத்தபோது, பார்வைப் பகுதி மறுபடியும் மாறத் தொடங்கியது. லின்க்ஸ்1 என்ற புரதம் இன்னொரு பூட்டு. கவனமாகப் பார்க்கும்போது மூளையில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது குறைக்கிறது.

மனிதரில் இதெல்லாம் பூனை, எலி மாதிரி சில வாரத்தில் முடிவதில்லை. பார்வைப் புறணியின் இணைப்புகள் சுமார் 8 மாத வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு 11 வயதுவாக்கில் பெரியவர்களின் அளவுக்குக் குறைகின்றன என்று பீட்டர் ஹட்டன்லாக்கர் 1982-ல் எண்ணிச் சொன்னார். கனடாவில் கேத்ரின் மர்ஃபி குழுவினர், சில வாரக் குழந்தை முதல் 80 வயது முதியவர் வரை இறந்தவர்களின் பார்வைப் புறணித் திசுவை எடுத்து, காபா, குளூட்டமேட் சார்ந்த புரதங்களை அளந்தார்கள். மாற்றங்கள் பிள்ளைப் பருவம் முழுக்கவும் அதைத் தாண்டியும் நீள்வதைக் கண்டார்கள். இதில் நமக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. கதவு டப்பென்று அடைவதில்லை. ஆனால் வருடத்துக்கு வருடம் ஒருக்களித்துக்கொண்டே வருகிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருக்கும் முகம்தான் ஓரளவு தெரியும். பால் கொடுக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அதுதான். முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகிப் போனால் பயப்பட வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் முகத்தையும் அசையும் பொருளையும் கண்ணால் பின்தொடர வேண்டும். மூளையின் பின்பகுதி குளுக்கோஸை அதிகமாக எரிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய மூன்று மாதத்தில்தான். நாலு மாதம் தாண்டியும் கண் விலகி நின்றால், அல்லது எப்போதுமே ஒரே பக்கம் விலகினால், காட்ட வேண்டும். "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லும் அப்பத்தாக்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. "அதிர்ஷ்டம் இருக்கட்டும் ஆத்தா, டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வைத்துக்கொள்வோம்" என்பேன்.

சேலைத் தொட்டில் நல்ல தூக்கத்துக்கு. விழித்திருக்கும் பிள்ளையை அதிலேயே போட்டு வைத்தால் சேலையின் உட்பக்கம்தான் அதன் உலகம். விழித்ததும் வெளியே எடுங்கள், வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். வலை பின்னும் கையை, கோழியை, போகிற வருகிற ஆளைப் பார்க்கட்டும். காசு கொடுத்து மூளை வளர்ச்சி அட்டைகள் வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரு வயதுக்கு மேல் நீங்களே செய்யக்கூடிய சோதனை: பிள்ளை ஒரு பொருளை ஆசையாகப் பார்க்கும்போது உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மட்டும் மறையுங்கள். பிறகு மற்றதை. ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருந்து, மற்றதை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிடுகிறதா, அழுகிறதா? அப்படியானால் அது இரண்டாவது கண்ணை நம்பித்தான் பார்க்கிறது. விளையாட்டு மாதிரி, வேறு வேறு நாளில், பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் செய்து பாருங்கள். ஒரே முறை அழுததை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது செல்போன். வெளிச்சம் குறைந்த அறையில், பிளாஷ் போட்டு, பிள்ளை கேமராவை நேராகப் பார்க்கும்படி படம் எடுங்கள். இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். பாப்பா, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் கறுப்புத் துளை, சிவப்பாகத் தெரிந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அடுத்த நாளே கிளம்புங்கள். சில சமயம் கேமராவின் கோணத்தாலும் அப்படித் தெரியும். ஆனால் அது கோணமா, புரையா, விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அந்தப் புற்றுநோய் பார்வையை மட்டும் எடுப்பதில்லை, உயிரையும் எடுக்கும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றிவிட முடியும்.

காத்திருக்கவே கூடாத இன்னும் இரண்டு உண்டு. பிறவிப் புரை ஒரு கண்ணில் அடர்த்தியாக இருந்தால், ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் அறுவை செய்வதைத்தான் டாக்டர்கள் விரும்புவார்கள். இரண்டு கண்ணிலும் இருந்தால் இன்னும் சில வாரம் அவகாசம். "பச்சைப் பிள்ளைக்கு ஆபரேஷனா" என்று நாலைந்து மாதம் தள்ளினால், மேலே சொன்ன போட்டி அந்தக் கண் இல்லாமலே நடந்து முடிந்துவிடும். இரண்டாவது, குறைமாதக் குழந்தை. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்திருந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். இன்னும் சின்னக் குழந்தை என்றால் அதற்கும் முன்னால். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அங்கன்வாடிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடம் பிள்ளையைக் காட்டலாம். அவர்கள் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மதுரைக்குப் போவதென்றால், டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகிற அன்று கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பவர் பார்ப்பார்கள். நேரம் எடுக்கும். கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு விடியற்காலையே கிளம்புவது நல்லது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பேட்ச் போடும் வீடு

முதலில் கண்ணாடி. பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண்ணில், சில மாதம் கண்ணாடி மட்டும் போட்டே கால்வாசிக்கும் சற்று அதிகமான பிள்ளைகளுக்கு முழுக்கச் சரியாகிறது என்று 3 முதல் 6 வயது வரையானவர்களிடம் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெரிந்தது. ஆகவே டாக்டர் உடனே பேட்ச் எழுதவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் கண்ணாடியை எழுந்தது முதல் படுப்பது வரை போட வேண்டும். பள்ளிக்கு மட்டும் போடுவது, புகைப்படத்துக்குக் கழற்றுவது எல்லாம் கூடாது. உப்புக் காற்றில் கண்ணாடி மங்கிப்போகும். சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியால் ஒற்றுங்கள். மங்கிய கண்ணாடி வழியாகப் போவது மறுபடியும் மங்கிய படம்தானே.

எத்தனை மணி நேரம்? டாக்டர் சொன்ன அளவு. அதற்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நடுத்தரக் குறைபாட்டுக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடிய அளவு முன்னேற்றம் என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடுமையான குறைபாட்டுக்கு 6 மணி நேரம், நாள் முழுக்க மூடுவதற்குச் சமமாக இருந்தது. "நாங்கள் எட்டு மணி நேரம் போடுகிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். மூடிய நல்ல கண்ணும் அதே போட்டியில்தான் இருக்கிறது. அளவு மீறினால் அது தோற்கத் தொடங்கும்.

ஒட்டுவது பற்றி. நம் கரையில் வியர்வைதான் எதிரி. மே மாதம் பதினோரு மணிக்கு மேல் எந்தப் பசையும் நிற்காது. ஆகவே காலை எழுந்து முகம் கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து ஒட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டும் பேட்ச் நல்லது. அது விலை தாங்காது என்றால், பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி மைக்ரோபோர் டேப்பால் ஒட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். எடுக்கும்போது இழுக்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உரியுங்கள். தோல் சிவந்தால் அடுத்த நாள் டேப்பைச் சாய்வாக, வேறு இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடி மேல் மாட்டும் துணிப் பேட்ச் சுகமாக இருக்கும். ஆனால் மூக்குப் பக்கத்து இடுக்கு வழியாக எட்டிப் பார்க்காத பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் திருட்டுத்தனம் நடக்கிறது என்று அறியுங்கள். கண்ணாடி பிள்ளை கழற்றாமல் போடும் வயதுக்கு வந்த பிறகு துணிப் பேட்ச் பொருந்தும். அதற்கு முன்னால் தோலில் ஒட்டுவதுதான் சரி.

அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளை விழித்திருந்து எதையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். தூங்கும்போது பேட்ச் போட்டால் கணக்கில் சேராது. என்எம்டிஏ வாசலுக்கு இரண்டு விஷயம் கூடி வர வேண்டும் என்று சொன்னேனே, கவனம் இருந்தால்தான் அசிட்டைல்கோலினும் துணைக்கு வரும். கிட்டத்து வேலையா, தூரத்து வேலையா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் கிட்டத்து வேலையைச் சொல்வதற்குக் காரணம், அதில்தான் பிள்ளை ஒரே இடத்தில் உட்காரும்.

நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. கருவாட்டுக்குக் காயப்போடும் முன் நெத்திலியில் கலந்திருக்கும் வேறு பொடிமீனைப் பொறுக்கச் சொல்லுங்கள். ராமேசுவரத்தில் சிப்பி மாலை கோக்கும் வீடுகளில் அளவு வாரியாகச் சிப்பியைப் பிரிக்கச் சொல்லலாம். அரிசியில் கல் பொறுக்கலாம். பல்லாங்குழி மிக நல்லது. சோழியை எண்ணிப் போட வேண்டும், அடுத்தவர் ஏமாற்றுகிறாரா என்று பார்க்கவும் வேண்டும். கோலப் புள்ளிகளைச் சேர்ப்பது, பழைய வலைத்துண்டில் கண்ணிகளுக்குள் நூல் விட்டு எடுப்பது, எழுத்துத் தெரிந்த பிள்ளைக்குத் தினசரித் தாளில் எல்லா 'க'வையும் வட்டமிடுவது. மூன்று வயதுக்குக் கீழ் சோழி, சிப்பி எதுவும் கையில் கொடுக்காதீர்கள், வாய்க்குத்தான் போகும். செல்போன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பிள்ளை அடம்பிடிக்கும் முதல் சில நாள் கடைசி அரைமணி நேரத்துக்குக் கொடுத்துச் சமாளிப்பதை நான் தடுப்பதில்லை. பழக்கமான பிறகு நிறுத்திவிடுங்கள்.

தொடக்கத்தில் பிள்ளை அழும். குறைந்த பார்வையுள்ள கண்ணால் மட்டும் பார்ப்பது பயமான விஷயம், அது பிடிவாதம் இல்லை. அரைமணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். பேட்ச் போட்ட நேரத்தில் ஆழம், தூரம் சரியாகப் பிடிபடாது. ஆகவே கடற்கரை, வல்லம், கிணற்றடி, மாடிப்படி, ரோட்டோரம், சைக்கிள் எதற்கும் விடக் கூடாது.

காலண்டர் தாளில் தினமும் போட்ட நேரத்தை எழுதுங்கள். கீழக்கரையில் ஒரு வீட்டில் வாப்பா துபாயில் இருக்கிறார். இரவு வீடியோ காலில் மகள் காலண்டரைக் காட்டினால்தான் பேச்சே ஆரம்பிக்கும். தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போன பிறகு ஜூன் கடைசியில்தான் வழக்கமாகக் காலண்டரில் ஓட்டை விழுகிறது. அதற்குள் அந்த வேலையை அண்ணனிடமோ அப்பத்தாவிடமோ ஒப்படைத்துவிடுங்கள். அப்பத்தாவுக்கு இரக்கம் அதிகம், பேட்ச்சைக் கழற்றிவிடுவார். அவரையே பொறுப்பாளியாக ஆக்கிவிட்டால் மாட்டார்.

பேட்ச்சுக்குப் பதில் சில டாக்டர்கள் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விடச் சொல்வார்கள். கண்ணைக் குவியப்படுத்தும் தசையில் அசிட்டைல்கோலின் வேலையை அது தடுக்கிறது. நல்ல கண்ணுக்குக் கிட்டப் பார்வை மங்கும், மற்ற கண் வேலை செய்யத் தொடங்கும். 2002-ல் ஒப்பிட்டபோது ஆறு மாதத்தில் பேட்ச்சுக்கு ஏறக்குறைய ஈடான பலன் தெரிந்தது. ஆனால் பாப்பா விரிந்தே இருப்பதால் நம் கடற்கரை வெயிலில் கண் கூசும், தொப்பி வேண்டும். சொட்டு விட்டதும் மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முகம் சிவந்து காய்ச்சல் மாதிரி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குப்பியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயில் போனால் ஆபத்து.

மாத்திரை இல்லையா?

இத்தனை ரசாயனம் சொல்லிவிட்டு மாத்திரை கிடையாதா என்று கேட்பது நியாயம்தான். தேடியிருக்கிறார்கள். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவை 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பேட்ச்சோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. வெற்று மாத்திரை வாங்கிய பிள்ளைகளைவிடச் சொல்லும்படியான பலன் இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடின் வளர்ந்த எலிகளின் கண்ணில் வேலை செய்தது. மனிதரில் அந்த அளவு உறுதியாக எதுவும் வரவில்லை. டயஸிபாம் எலிக்குக் கதவைத் திறந்தது என்று படித்துவிட்டு யாரும் பிள்ளைக்குத் தூக்க மாத்திரை தேட வேண்டாம். நம் பிள்ளைகளுக்குக் காபாவைத் தயாரிக்கும் அந்த நொதி இருக்கிறது, கதவு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது.

வைட்டமின் ஏ வேறு கதை. விழித்திரையில் ஒளியை வாங்கும் ரொடாப்சின் அதிலிருந்துதான் வருகிறது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சிரப்பை விடாதீர்கள். அது மாலைக்கண்ணைத் தடுக்கும், சோம்பேறிக் கண்ணைச் சரிசெய்யாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சாளை மீன் சாப்பிடட்டும். அதன் கொழுப்பு விழித்திரைக்கும் மூளைக்கும் ஆகும். சாளை மலிவு என்பதற்காக அதை விற்றுவிட்டு டப்பா மாவு வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஏழு வயது தாண்டியவர்களுக்கு

தாமதமாக வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. 7 முதல் 12 வயது வரை பேட்ச்சும் சொட்டும் கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் முன்னேற்றம் தெரிந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் அது கால்வாசி. 13 முதல் 17 வயதில் பலன் குறைவுதான். ஆனால் அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னேறினார்கள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்து ஆராயும், மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் புரையோடு வளர்ந்து பல ஆண்டுகள் கழித்து அறுவை செய்துகொண்ட வட இந்தியப் பிள்ளைகள், கூர்மை குறைவாக இருந்தாலும் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணக் கற்றுக்கொண்டார்கள். அதனால் பத்தாம் வகுப்புப் பையனாக இருந்தாலும் ஒருமுறை காட்டுங்கள். தேறும் அளவைப் பற்றி மட்டும் பெரிய வாக்குறுதி எதையும் நம்ப வேண்டாம்.

நிறுத்தும்போது

பார்வை ஏறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் சுமார் கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பார்வை மறுபடியும் இறங்குகிறது. புதிதாகப் பலப்பட்ட இணைப்புகள் இன்னும் போட்டியில்தான் இருக்கின்றன. ஆறு மணி நேரம் போட்டவர்களுக்குச் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்து, பிறகு நிறுத்துவார்கள். கண்ணாடி தொடரும்.

அடுத்த முறை வரும்போது பிள்ளையை மட்டும் கூட்டி வந்தால் போதாது. அந்தக் காலண்டர் தாள்கள், பழைய கண்ணாடி, பழைய சீட்டு, பிளாஷ் போட்டு எடுத்த படம் எல்லாம் வேண்டும். காலண்டரில் போடாத நாள்களையும் போட்ட மாதிரி நிரப்பிக் கொண்டுவராதீர்கள். அதைப் பார்த்துத்தான் பேட்ச் நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.